மத்தியானத் தாழ்ப்பாள்

அன்று மத்தியானம் இணையம் நின்றுபோகாமல் இருந்திருந்தால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. 

நான் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறேன். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் முதல் மாடி. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் என் கால்கள் நிற்காது, இடது கை எப்போதும் மடங்கியே இருக்கும், பேச்சு மெதுவாக வரும். பேச்சு மெதுவாக வந்தால் புத்தியும் மெதுவாகத்தான் வரும் என்று ஊரில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப் பேர், நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியைத் தாங்களே சொல்லி முடித்து, அதற்குப் பதிலும் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு வகையினரிடமும் எனக்குக் கோபம் உண்டு. இரண்டாம் வகை மேல் கொஞ்சம் அதிகம்.

பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி இருக்கிறது. வேலையும் இருக்கிறது. பள்ளிப் பாட வீடியோக்களில் ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்டு, திரையின் கீழே ஓடும் எழுத்துகளைச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். மத்தியானத்தில் ஆரம்பித்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை, இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டுக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. ஒரு கையால் சமைக்கவும் பழகிக்கொண்டேன். நான் வைக்கிற ரசத்தைக் குறை சொன்னவர் இதுவரை இல்லை, குடித்தவர்களும் அதிகம் இல்லை.

அப்பாவும் அம்மாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சி கே.கே. நகரில் இருக்கிறார்கள். அங்கிருந்து நான் கிளம்பி வந்ததே பெரிய கூத்து. அழுகை, பட்டினி, சித்தப்பா பஞ்சாயத்து எல்லாம் முடிந்த பிறகு அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏதாவது ஒண்ணு ஆச்சு, யாராவது ஒரு வார்த்தை புகார் சொன்னாங்க, மறுபேச்சு இல்லாம வந்துடணும்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீடு கிடைப்பதும் சுலபமாக இல்லை. கூடம் அகலமாக இருக்கும் வீடுகளில் குளியலறைக் கதவு ஒடுக்கமாக இருக்கும். என் நாற்காலி நுழையாது. இந்த ஒரு வீட்டில்தான் நுழைந்தது. காரணம் எதிர் வீட்டு மாமி. இரண்டு வீடும் அவருடையவை. பக்கவாதத்தில் விழுந்த தன் கணவரை இந்த வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். அவருடைய நாற்காலிக்காக இடித்து அகலப்படுத்திய கதவு அது. மாமா போய்ச் சேர்ந்து சில வருடங்களான பிறகு எனக்கு வாடகைக்கு விட்டார். மகன்கள் வெளிநாட்டில். மாமியும் தனி, நானும் தனி. அந்த வீட்டை விட்டால் எனக்கு ஸ்ரீரங்கத்தில் வேறு வீடு இல்லை, கே.கே. நகர்தான். இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும்.

பகல் நேரத்தில் நான் உள்ளே தாழ் போடுவதில்லை. எங்காவது விழுந்துவிட்டால் கதவை உடைக்கும்படி ஆகக்கூடாது என்று நானே வைத்துக்கொண்ட வழக்கம். கதவைச் சாத்தி மட்டும் வைத்திருப்பேன். கைப்பிடியில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, வெளியே போக வேண்டுமானால் அதைப் பிடித்து இழுத்தபடி நாற்காலியைப் பின்னால் நகர்த்துவேன். தினமும் நாலு மணி வாக்கில் மாமி கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். கையில் டபரா டம்ளரில் காபி. நான் ஹெட்போனைக் கழற்றி கழுத்தில் போட்டுக்கொள்வேன். பெருமாளுக்கு அன்றைக்கு என்ன அலங்காரம், எந்த வீதியில் எந்த வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று மாமி சொல்லிக்கொண்டிருக்க, நான் குடிப்பேன். நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான். தனியாக இருந்தாலும் எனக்கு எதிர் வீட்டுக் காபி வருகிறது என்று எத்தனையோ பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

அன்று மழைக்காலம். தெருவில் எங்கேயோ பள்ளம் தோண்டியதில் கேபிள் அறுந்து இணையம் போய்விட்டது. ஆபீசில் சொன்னேன், இன்றைக்கு லீவு எடுத்துக்கொள் என்றார்கள். லீவு நாட்களில் சாப்பிட்டதும் நானும் தூங்கிவிடுவேன். வேலை நாளில், மத்தியானத்தில், கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை. வெயில் இல்லை, மழையும் விட்டிருந்தது. காவிரியில் தண்ணீர் வந்திருப்பதாக மாமி முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியவுடனே சந்தோஷம் தாங்கவில்லை. யாரையும் கேட்க வேண்டாம், யாரும் தள்ள வேண்டாம். துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

கதவு வரவில்லை.

மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தேன். இன்னும் பலமாக இழுத்தேன். நாற்காலியைப் பின்னால் விட்டு அதன் பலத்தையும் சேர்த்து இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுத்ததே தவிர, கதவு அசையவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது. மாமிக்குப் போன் போட்டேன். எதிர் வீட்டுக்குள் அவருடைய போனில் சுப்ரபாதம் ஒலிப்பது கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம் என் கதவுக்கு வெளியே, என் முகத்துக்கு நேராக, இரும்பு உருவுகிற சத்தம்.

அந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியும். தாழ்ப்பாளைத் திறக்கிற சத்தம்.

கதவு திறந்தது. மாமி தூக்கக் கலக்கத்தில், முடிந்த கொண்டை ஒரு பக்கம் சரிய நின்றார். "என்னடி, இன்னிக்கு வேலை இல்லையா? வெளியில போறதுன்னா முன்னாடியே சொல்லப்படாதோ?"

"கதவு... தாழ் போட்டிருந்துது மாமி."

"ஆமாம், நான்தான் போட்டேன்."

எதையோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முதலில் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. விளையாட்டு எதுவும் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எதுக்கு?"

"நான் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்துடுவேனோன்னோ. நீ உள்ளே தாழ் போட்டுக்க மாட்டே. எவனாவது நுழைஞ்சுட்டா? இல்லே, நீயே வெளியில வந்து லிப்ட்டண்டை விழுந்து வெச்சா? எனக்குத் தூக்கம் வருமா சொல்லு. அதான் தினம் போட்டுட்டுப் போயிடறது. எழுந்ததும் காபியைக் கொண்டு வரச்சே திறந்துடறேனே."

தினம் என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. "எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"நீ வந்ததுலேர்ந்துதான். இதென்ன கேள்வி? மாமாவுக்கும் இப்படித்தான் போடுவேன். ஒரு நாள்கூட அவர் குறை சொன்னதில்லை."

பக்கவாதம் வந்த பிறகு மாமாவால் பேசவே முடியாது என்று மாமியே என்னிடம் பலமுறை சொல்லி அழுதிருக்கிறார். அதை அப்போது அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.  அதிர்ச்சியில் என் பேச்சு இன்னும் மெதுவாகும், சில சமயம் நின்றே போகும். மாமி என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "ஜாக்கிரதையாப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

கீழே வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்ன பாப்பா, இந்நேரத்துக்கு? மாமி இன்னைக்குத் தாழ் போடலையா?"

இவருக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"தெரியாம என்ன? கூரியர்காரங்க வந்தா நான்தான் சொல்லிருவேன், நாலு மணிக்கு மேல வாங்க, இப்ப மாமி தூங்குறாங்க, பாப்பாவால திறக்க முடியாதுன்னு. உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதான் பாப்பா."

எனக்குப் பார்சல்கள் எல்லாம் நாலு மணிக்கு மேல்தான் வரும். கூரியர் பையன்களின் ஒழுங்கைப் பற்றி நான் அம்மாவிடம் பாராட்டிக்கூடப் பேசியிருக்கிறேன்.

காவிரிக்குப் போகவில்லை. சந்து முனை வரை போனேன். அங்கே நாற்காலியை நிறுத்திவிட்டு, போகிற வருகிற ஆட்டோக்களை வெறித்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி வண்டிக்காரர் வணக்கம் வைத்தார். இவருக்கும் தெரியுமா? பால் போடுகிறவருக்கு? தெருவுக்கே தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல், நான் தனியாக வாழ்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்து போய் வந்துகொண்டிருந்திருக்கிறேன். உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது. கல்லூரியில் என்னோடு படித்த தோழி. ஊன்றுகோல்களில் நடப்பவள், தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறாள். போன வருடம் ஒரு நாள், மத்தியானம் கொஞ்ச நேரம் வந்து போகிறேன் என்றாள். எனக்கு வேலை இருக்கும், பரவாயில்லை, கதவு திறந்துதான் இருக்கும், தள்ளிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தேன். அவள் வரவில்லை. மாலையில் போனில் அழாத குறையாகச் சத்தம் போட்டாள். "பஸ் மாறி பஸ் ஏறி வந்தேன். உங்க லிப்ட் வேற ஓடலை. கோலை ஊனி மாடி ஏறி வந்தா, வெளியில தாழ் போட்டிருக்கு. வரச் சொல்லிட்டு எங்கடி போனே?" நான் வீட்டில்தான் இருந்தேன் என்றேன். பொய் சொல்லாதே என்றாள். பொய் சொல்வது நீதான் என்று நானும் கத்தினேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அவள் என் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். நான் இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு வாத்தியாரின் ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்குக் காற்புள்ளி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சந்து முனையில் உட்கார்ந்தபடியே அழுதேன். துடைத்துக்கொள்ளக் கூடத் தோன்றவில்லை.

மறுநாள் இணையம் வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஹெட்போன் மாட்டவில்லை. கதவுக்குப் பின்னால் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தேன். நேற்று நடந்தது கனவாக இருக்கலாம், அல்லது எனக்குத் தெரிந்துவிட்டதால் மாமி நிறுத்திவிட்டிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. செருப்புச் சத்தம் வந்தது. வந்து என் கதவருகே நின்றது. தாழ்ப்பாள் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. என் வேலைக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று பதமாகப் போடுகிறார். போட்டு முடித்ததும் "ரங்கா, நீதான் இந்தக் குழந்தையைப் பாத்துக்கணும்" என்று வாய்க்குள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. செருப்பு திரும்பிப் போனது.

வேண்டுதலோடு சேர்த்துப் பூட்டுகிறார். திட்டிக்கொண்டே பூட்டியிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா என் வாக்கியங்களை முடிக்க மாட்டார், அந்த ஒரு நல்ல குணம் உண்டு. முடித்த பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாமி என்கிட்ட கேட்டுட்டுத்தாம்மா போட்டாங்க. உனக்கு நல்லதுக்குத்தானே?"

"அடுப்புல தீப்பிடிச்சா என்னப்பா பண்ணுவேன்?"

"மாமி எதிர்லதான இருக்காங்க?"

"அவங்க தூங்கறாங்கப்பா. தூங்கறதாலதான் பூட்டறாங்க!"

"சரி, பிடிக்கலைன்னா வந்துடு. உன் ரூம் அப்படியே இருக்கு." சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியிடம் இரண்டு தடவை சொன்னேன். மாமி, எனக்கு அது வேண்டாம், தாழ் போடாதீர்கள் என்றேன். சரிடி, சரிடி என்றார். சொல்லிவிட்டு இன்னும் பதமாகப் போட ஆரம்பித்தார். சண்டை போட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். அப்பா மறுநாளே வண்டியோடு வந்துவிடுவார். சண்டை போடாவிட்டால் தினமும் என்னை உள்ளே வைத்துத் தாழ் போடுவார், நான் அதற்குள் உட்கார்ந்து சுதந்திரமாக வேலை பார்க்கலாம்.

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது செய்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்தேன். காலையிலேயே கிளம்பி, வெளியே போகிறேன் மாமி, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, என் கதவைப் பூட்டி, கீழே இறங்கினேன். தெற்கு வாசல் கடைத்தெருவில் சுற்றினேன். ஒரு ஓட்டலில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். மாமி தூங்கியிருப்பார் என்று தோன்றிய நேரத்தில் திரும்பி வந்து லிப்ட்டில் ஏறினேன்.

என் நாற்காலிப் பையில் எப்போதும் ஒரு கம்பு இருக்கும். முனையில் கொக்கி வைத்து, உயரத்தில் இருக்கும் துணிகளை இழுப்பதற்காக அப்பா செய்து கொடுத்தது. அதை எடுத்து, மாமியின் கதவில் இருந்த வெளித் தாழ்ப்பாளை மாட்டி இழுத்தேன். ஒரே இழுப்பு. பதமாகத்தான் போட்டேன்.

இவ்வளவு சுலபமா என்று திகைத்துப்போனேன். ஒரு ஆளை உள்ளே வைத்து அடைப்பதற்குப் பெரிய கல்மனமோ பலமோ எதுவுமே தேவையில்லை. கையை ஒரு தடவை நீட்டினால் போதும். கம்பை மறுபடி நீட்டினேன். ஆனால் திறக்கவில்லை. இறங்கி, காவிரிக்குப் போனேன்.

தண்ணீர் நிஜமாகவே வந்திருந்தது. படித்துறைக்கு மேலே, சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் மனம் ஒட்டவே இல்லை. நாலு மணி தாண்டியதும் போன் அடித்தது, மாமி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். அப்புறம் நின்றுவிட்டது. நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. பேட்டரியை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு திரும்பினேன்.

வாட்ச்மேன் அண்ணன் டீக்குப் போயிருந்ததால் கதவைத் திறக்க ஆள் வரக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. நான் போனபோது மாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. மாடியில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாமி எழுந்தார்.

"நீயா போட்டே?"

"ஆமாம் மாமி."

"என்னை எதுக்குடி அடைச்சே? எனக்கென்ன கேடு? நான் என்ன..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். மற்றவர்கள் என் வாக்கியங்களை முடிப்பதுபோல மாமியின் அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அங்கே நின்ற எல்லாரும் மனதுக்குள் முடித்துக்கொண்டார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

மாமி அப்பாவுக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டிருந்தார். காவிரிப் பாலத்தில் நெரிசல் என்று சொல்லிக்கொண்டே அப்பா இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். காலி சூட்கேஸ் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். 

"அழைச்சுண்டு போயிடுங்கோ" என்றார் மாமி. "எனக்குத் தாங்காது. வாயெல்லாம் உலர்ந்து போயிடுத்து. தட்டறேன், கூப்பிடறேன், ஒருத்தரும் வரலை."

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபத்தில் அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. "பெரியவங்களை இப்படிப் பண்ணலாமாம்மா? உனக்கு என்ன வந்துச்சு? தாழ்ப்பாள் போட்டதுல என்ன கெட்டுப்போச்சு? நாங்க போடாததா? நீ ஸ்கூல் படிக்கறப்பலேர்ந்து, நானும் அம்மாவும் கடைக்குப் போனா, கல்யாணத்துக்குப் போனா, உன் ரூமுக்குத் தாழ் போட்டுட்டுத்தான் போவோம். ஒரு நாளாவது உனக்கு ஏதாவது ஆச்சா?"

அவர் அதை என்னைப் பாதுகாத்ததற்கு ஆதாரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் சமாதானமாகிவிடுவேன் என்பதுபோல நின்றார்.

மத்தியானங்களில் கே.கே. நகர் வீடு அமைதியாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள், எழுப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, தாகம் எடுத்தால்கூடப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பேன். சில நாள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் வராது. ஏதோ என் மேல் கோபம்போல என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் எழுந்து வந்ததும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன். வீட்டில் ஆளே இருந்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போய், சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்கள்.

வாயைத் திறந்தேன், ஒரு எழுத்துக்கூட வரவில்லை. கன்னம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்பா பயந்துபோய்க் குனிந்தார்.

பேசியது மாமிதான். "தெரியாதா அவளுக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்.  மாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கதவைத் தட்டித் தட்டி அவை சிவந்திருந்தன. "பெட்டியை எடுத்துண்டு நீங்க மட்டும் போங்கோ. அவ இன்னிக்கு எங்கேயும் வர வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை தச்சர் ஒருவர் வந்தார். மாமி வரவழைத்திருந்தார். அவர் கழற்றியது மாமியின் கதவில் இருந்த வெளித் தாழ்ப்பாளை. என் கதவின் பக்கம் திரும்பவே இல்லை. மாமி புரிந்துகொண்டது இவ்வளவுதானா என்று மறுபடியும் ஒரு அதிர்ச்சி. சிரிப்பும் வந்தது. "அண்ணே, இதையும் கழட்டிடுங்க" என்று நான் சொன்னேன். அவர் மாமியைப் பார்த்தார். வீட்டுக்காரர் சொல்ல வேண்டுமல்லவா? மாமி உள்ளேயிருந்தபடியே, "அவ கதவு, அவ சொல்றா, கழட்டு" என்றார். காபி மட்டும் சில நாள் வரவில்லை. வந்தபோது கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றார். உள்ளே வாங்க மாமி என்று நான் கூப்பிடும் வரை நின்றார்.

தோழிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அந்தத் தாழ்ப்பாளை நான் தொட்டுப் பாத்தேன்டி. திறந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

கே.கே. நகருக்கு அடுத்த பண்டிகைக்குத்தான் போனேன். என் அறை வாசலுக்குப் போய், அம்மா சமையலறைக்குப் போகும் வரை காத்திருந்தேன். என் அறைக் கதவு எப்போதும் வெளிப்பக்கமாக விரியத் திறந்து கூடத்துச் சுவரோடு ஒட்டியிருக்கும். அதன் வெளிப்பக்கத்தை நான் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. கொக்கிக் கம்பால் கதவை இழுத்துப் பார்த்தேன். பச்சை பெயின்ட் எங்கும் பளபளவென்று இருந்தது. தாழ்ப்பாள் நகரும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

திரும்பினேன். அம்மா ஈரக் கையோடு பின்னால் நின்றிருந்தாள். அப்பாவும் வந்து நின்றார், கையில் துணிப்பை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று பேரும் அந்தத் தேய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கத் தாழ்ப்பாள் துரு ஏறிக் கிடந்தது. கொக்கியை மாட்டி, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து ஒரு வழியாக அதைப் போட்டேன். கிரீச்சென்று கத்திக்கொண்டே விழுந்தது.

வெளியே சத்தமே இல்லை. அப்பா அங்கேயே நிற்கிறார் என்று தெரிந்தது. நகர்ந்து போகிற காலடி ஓசைகூட இல்லை. 

"அம்மாவும் நானும் கடைக்குப் போறோம்" என்றார் கடைசியில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. கொஞ்சம் நிறுத்தினார். "போயிட்டு வரோம்மா."

இத்தனை வருடங்களில் அந்த வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை. எனக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் இரண்டு பேரும் அது வரும் வரை நின்றார்கள்.

"போயிட்டு வாங்கப்பா" என்றேன்.